கேரவனில் உலுரு வரை: முதல்முறை இழுத்துச் செல்பவர்களுக்கு யோசனை வேண்டும்

தஞ்சைக்காரன்

வணக்கம். 2006-இல் மெல்போர்னுக்கு வந்த புதிதில் டான்டினாங்கில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த நால்வர் நாங்கள். ஒரே குக்கரில் சோறு, ஒரே பழைய காரில் வேலைக்குப் பயணம். இப்போது ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு திசை. பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களில் பார்த்துக்கொள்வதோடு சரி. அந்த நாள்களில் நாங்கள் அடிக்கடி பேசிய ஓர் ஆசை உண்டு: நாட்டின் நடுப்பகுதிக்குப் போய், விளக்கு வெளிச்சமே இல்லாத இடத்தில் படுத்து வானத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டதை வரும் ஜூலையில் செய்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

மூன்று வாரம், இரண்டு கார், அவற்றின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளாக வாடகைக்கு இரண்டு கேரவன். மெல்போர்னிலிருந்து அடிலெய்டு, போர்ட் அகஸ்டா, அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கூபர் பீடி, உலுரு என்னும் பெரும் சிவப்புப் பாறை, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். திரும்புவதும் அதே வழிதான்.

எங்களில் யாரும் இதுவரை கேரவன் இழுத்ததில்லை. ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவர் வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை. இன்னொருவர் ஊட்னடாட்டா மண் சாலையில் போயே தீர வேண்டும் என்கிறார். நால்வரும் மாறி மாறி இரவிலும் ஓட்டினால் இரண்டு நாள் மிச்சமாகும் என்பது என் கணக்கு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் என்ற பதில் வேண்டாம். எங்கே தவறு நேரும் என்பதே எனக்குத் தெரிய வேண்டும்.

காரைநகரான்

தம்பி, இரவில் ஓடும் யோசனையை இன்றைக்கே கைவிடுங்கள். ஜூலையில் அங்கே மாலை ஆறு மணியளவில் பொழுது பட்டுவிடும். வெயில் தணிந்ததும் கங்காருக்கள் தெருவோரப் புல்லுக்கு வரும். வட பிரதேசத்தின் (Northern Territory) எல்லையைத் தாண்டினால் பல இடங்களில் வேலியே கிடையாது, மாடுகள் தெருவிலேயே நிற்கும். தனிக் காராக இருந்தால் ஒருவேளை தப்பலாம். பின்னால் இரண்டு தொன் கரவன் இருக்கும்போது ஸ்டியரிங்கை வெட்டினால் கரவன் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். குறுக்கே எது வந்தாலும் நேராகப் பிடித்துக்கொண்டு பிறேக்கை அழுத்த வேண்டியதுதான். பகலிலும் ஒன்றைக் கவனியுங்கள்: செத்த கங்காருவின் மேல் பெரிய கழுகுகள் இருந்து தின்னும். வயிறு நிறைந்த கழுகு மெதுவாகத்தான் எழும்பும். தூரத்தில் கண்டதுமே வேகத்தைக் குறையுங்கள். நாங்கள் எந்த நாளும் நாலு மணிக்கு மேல் ஓடவில்லை.

நீங்கள் இரண்டு வாகனத்தில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்களுடைய பெரிய பலம். அது ஏன் என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2019 ஓகஸ்ட் மாதம் நாங்கள் அடிலெயிட்டிலிருந்து இரண்டு கரவனில் புறப்பட்டோம். கிளெண்டம்போவிலிருந்து கூபர் பீடி வரை 254 கிலோமீற்றர். இடையில் பெற்றோல் நிலையமோ கடையோ கிடையாது. நான் முன்னால், என் நண்பர் பின்னால். தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். நேரான தெரு, குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. திடீரென்று, வாகனத்துக்கு வாகனம் பேசும் றேடியோவில் நண்பரின் குரல்: "அண்ணை, நிப்பாட்டுங்கோ. உங்கட இடப்பக்கச் சில்லில புகை வருது."

எனக்கு எதுவுமே தெரியவில்லை. காரின் ரயர் போனால் கையில் தெரியும். கரவனின் ரயர் போனால் இழுக்கிறவருக்குத் தெரியாது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரயரின் பக்கச்சுவர் முழுவதும் கிழிந்து, உள்ளே இருந்த கம்பிகள் தும்புக்கட்டை மாதிரி வெளியே தொங்கின. கழன்ற றப்பர் அடித்து அடித்து, கரவனுக்குக் கீழே கழிவுநீர் போகும் குழாயையும் உடைத்திருந்தது. றப்பர் எரிந்த மணம் வெகுநேரம் போகவில்லை. இன்னும் இரண்டு கிலோமீற்றர் போயிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் மற்றத் துன்பங்கள். வாடகைக் கரவனோடு தந்த, சில்லைக் கழற்றும் நட்டுச் சாவி அந்தக் கரவனின் நட்டுக்கே பொருந்தவில்லை. நல்லகாலம், நண்பரின் சாவி பொருந்தியது. ஜாக்கியை வைத்தால் செம்மண்ணுக்குள் புதைந்துகொண்டு போனது. குசினியிலிருந்து மரக்கறி வெட்டும் பலகையை எடுத்து வந்து கீழே வைத்தோம். அது இரண்டாகப் பிளந்தது. அந்த நேரம் எதிரே வந்த ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, நாங்கள் கை காட்டாமலே வாகனத்தை ஓரம் கட்டினார்கள். அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. தன் கரவனின் பின்பக்கத்தைத் திறந்து தடித்த பலகை ஒன்றைக் கொண்டு வந்து மண்ணில் வைத்துவிட்டு, முழங்காலில் இருந்து வேலையைத் தொடங்கினார். அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்காரிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒன்றரை மணித்தியாலம். அவர்கள் போகும்போது பலகையை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

கூபர் பீடியில் புது ரயர் போட்டவர்தான் பழைய ரயரின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டினார். நாலு இலக்கம்: 1812. 2012ஆம் ஆண்டின் பதினெட்டாவது கிழமையில் செய்த ரயர் என்று பொருள். ஏழு வருடம் வெயிலில் நின்ற ரயர். மேலே பார்த்தால், தெருவில் படும் பக்கத்தின் பூவெல்லாம் புதிதுபோல இருந்தது. ஆகவே கரவனைப் பொறுப்பெடுப்பதற்கு முன் குனிந்து அந்த நாலு இலக்கத்தைப் படியுங்கள். பழையது என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். நட்டுச் சாவியை அங்கேயே போட்டுத் திருப்பிப் பாருங்கள். காற்றழுத்தத்தை ஒவ்வொரு காலையும், ரயர் குளிராக இருக்கும்போதே பாருங்கள். அழுத்தத்தைக் காரிலிருந்தே பார்க்கும் கருவி விற்கிறார்கள். அதற்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

யூ.எச்.எஃப். றேடியோ இரண்டு வாகனத்திலும் கட்டாயம். கரவன்காரர் பேசுவது 18ஆம் அலைவரிசை. பாரவூர்தி ஓட்டுநர்கள் 40இல் இருப்பார்கள். றோட் ட்ரெய்ன் என்று சொல்லும் தொடர் பாரவூர்திகள் 53.5 மீற்றர் வரை நீளம். அது உங்களை முந்தும்போது காற்று முதலில் உங்களைத் தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். பயந்து பிறேக் போட வேண்டாம். கோட்டுக்குள் நேராக நின்று, அக்ஸிலறேற்றரில் இருக்கும் காலை மட்டும் தளர்த்துங்கள். அது முழுதாகத் தாண்டியதும் "வழி இருக்கிறது, உள்ளே வரலாம்" என்று றேடியோவில் சொன்னால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

பாரம் ஏற்றுவதில் கவனம். கரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் கொளுக்கியில் இறங்க வேண்டும். தண்ணீர்க் கான், அரிசி மூட்டை எல்லாவற்றையும் சில்லுக்கு மேலே நடுவில் வையுங்கள். பின்பக்கத்தில் குவித்தால் கரவன் வாலாட்டத் தொடங்கும். எரிபொருள் செலவும் கூடும்: என் வாகனம் தனியே 100 கிலோமீற்றருக்கு 11 லீற்றர் குடிக்கும், கரவனோடு 18 குடித்தது. குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர், கரவன் தாங்கியை நம்பாமல் தனிக் கானில். எது நடந்தாலும் வாகனத்தை விட்டு நடந்து போகக் கூடாது. மேலேயிருந்து தேடுகிறவர்களுக்கு வாகனம் தெரியும், மனிதர் தெரியார்.

நர்ஸக்கா

தம்பி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவள் என்பதால் இன்சுலின் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் கூடவே வரும்.

பாலைவனம் என்றதும் எல்லாரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஜூலையில் இன்சுலினுக்கு எதிரி குளிர். ஆலிஸில் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். கேரவன் குளிர்சாதனப் பெட்டியில் பின்சுவரை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகு பயன்படுத்தக் கூடாது, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கதவுப் பக்கத் தட்டில், ஒரு துண்டில் சுற்றி, பக்கத்தில் சிறிய வெப்பமானி வைத்து, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்த மருந்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பாதி இந்த வண்டியில், பாதி அந்த வண்டியில். வண்டி நிற்கும்போது பெட்டி கேஸில் ஓடுகிறதா என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும், அடுத்தவரை நம்ப வேண்டாம். அவர் ஓட்டும் நாளில் உணவு நேரம் தள்ளிப்போகவே கூடாது. சர்க்கரை மிட்டாய் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கூபர் பீடியில் மருத்துவமனை இருக்கிறது, உலுருவுக்குப் பக்கத்தில் யுலாராவில் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1928-இல் ஜான் ஃபிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் அந்தப் பரப்பு முழுவதற்கும் வானத்தில் காவலாக இருக்கிறது. அவருடைய வீட்டில் இதைச் சொல்லுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் எண்ணை அந்தத் தங்கையிடம் கொடுங்கள். சம்மதம் கிடைக்கும்.

இரவில் தண்ணீர்க் குழாயைக் கேரவனிலிருந்து கழற்றி வையுங்கள். காலையில் குழாய்க்குள் பனிக்கட்டி இருக்கும்.

உலுருவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலர் மாலை நேரப் படத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சுற்றி நடங்கள். பத்து கிலோமீட்டருக்கு மேல் கொஞ்சம் வரும். விடியும்போது தொடங்கினால் மதியத்துக்குள் முடியும். அருகே போய்ப் பார்த்தால் பாறையின் மேல்புறம் மீன் செதிள்போலப் பெயர்ந்து நிற்கும். அந்தச் சிவப்பு, பாறையிலுள்ள இரும்பு துருப்பிடித்த நிறம். செதிள் உதிர்ந்த குகைகளுக்குள் பார்த்தால் அசல் நிறம் சாம்பல். 1985-இல் அந்த நிலம் அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. மேலே ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை. சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் எடுக்காதீர்கள். நம் ஊர்க் கருவறைக்கு முன் நாம் நடந்துகொள்வதைப்போல நடந்துகொண்டால் போதும்.

பூங்காவுக்குள் தங்க முடியாது, யுலாராவில்தான் இடம். ஜூலை பள்ளி விடுமுறைக் காலம். இப்போதே பதிவு செய்யுங்கள்.

செம்மண்

ஊட்னடாட்டா சாலையை வாடகைக் கேரவனோடு நினைக்கவே வேண்டாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மண் சாலைக்குக் காப்பீடு கிடையாது. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் போனால் அபராதம் கடுமை. அந்த நண்பரின் ஆசைக்கு ஒரு வழி: கூபர் பீடியில் இரண்டு இரவு தங்குங்கள். கேரவனை அங்கேயே விட்டுவிட்டு, காரும் வாடகை என்றால் அதன் ஒப்பந்தம் அனுமதித்தால், மண் காய்ந்திருக்கும் நாளில் வடக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரேக்அவேஸ் குன்றுகளுக்குப் போங்கள். அனுமதிச் சீட்டை ஊரிலேயே வாங்கிவிடலாம். வெள்ளையும் மஞ்சளும் செம்மண்ணும் அடுக்கடுக்காக நிற்கும் குன்றுகள். மாலை ஐந்து மணிக்கு அங்கே இருந்தால் நண்பர் வேறு எதுவும் கேட்க மாட்டார். கங்காரு நேரம் என்பதால் திரும்பும்போது மெதுவாக வாருங்கள்.

இன்னொன்று: விக்டோரியாவிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழங்கள் கொண்டுபோக முடியாது. தக்காளி, பச்சை மிளகாய்க்கும் இதே கதை. எல்லைக்கு முன்பே சமைத்து முடித்துவிடுங்கள், மீதியை அடிலெய்டில் வாங்கிக்கொள்ளலாம்.

தஞ்சைக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நால்வரும் போனில் இதையெல்லாம் வாசித்தோம். இரவு ஓட்டம் இல்லை, ஊட்னடாட்டா இல்லை, கூபர் பீடியில் இரண்டு இரவு. இன்சுலின் நண்பரின் மனைவி நர்ஸக்காவின் பதிலை இரண்டு முறை படித்தார். வெப்பமானியை அவரே வாங்கிவிட்டார். வரும் ஞாயிறு ஒரு காலி மைதானத்தில் கேரவனைப் பின்னால் எடுத்துப் பழகப் போகிறோம்.

காரைநகர் அண்ணா, அந்தப் பலகை என்ன அளவு?

காரைநகரான்

ஓரடிச் சதுரம், இரண்டு அங்குலக் கனம். வன்மரமாக இருக்க வேண்டும். இரண்டு எடுத்துப் போங்கள் தம்பி, ஒன்று உங்களுக்கு. மற்றது, வழியில் எவராவது நின்றால் அவரிடம் விட்டுவிட்டு வாருங்கள்.