நிலவேம்பு, கீழாநெல்லிக்கு ஆட்டுக்கிடை போடலாமா?

வெள்ளாமைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கங்க. ஆத்தூர் பக்கம் 30 சென்ட் செம்மண் நிலம், ஆடிப்பட்டத்துல பாதி நிலவேம்பு பாதி கீழாநெல்லி நடலாம்னு இருக்கேன், வாங்குறவரு யூரியா கீரியா எதுவும் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாரு. இப்ப பங்குனில ஆட்டுக்கிடை (ராத்திரில ஆட்டு மந்தையை காட்டுல அடைச்சு புழுக்கையை எருவா விழ விடுறது) போட ஆள் கேக்குறாங்க, இல்ல மாட்டு எரு ஒரு டிராக்டர் லோடு அடிக்கலாமா? எது நல்லா வரும், எவ்ளோ போடணும்?

செம்மண்_சேலம்:
தம்பி, ஆட்டுக்கிடை சத்துல மாட்டு எருவை விட ஒரு படி மேலதான், சந்தேகமே இல்ல. ஆனா ஆடு சீமைக்கருவேலங்காய் தின்னுட்டு வந்து புழுக்கை போட்டா அந்த விதை அத்தனையும் உங்க காட்டுல முளைக்கும். நிலவேம்பு ஆரம்பத்துல ரொம்ப மெதுவா வர்ற செடி, களை ஏறுச்சுன்னா மூழ்கிடும், கூலி கட்டாது. கிடை போடுறதுன்னா இப்பவே போட்டு, கோடை மழைல முளைக்கிறத எல்லாம் உழுது விட்டுட்டு, அப்புறம் பசுந்தாள் உரத்துக்கு சணப்பு விதைச்சு 45 நாள்ல பூ எடுக்கும்போது மடக்கி உழுதுடுங்க. அது மக்க ஒரு ரெண்டு வாரம் விட்டு நட்டா போதும், ஆடிக்கு சரியா வரும்.

மாட்டு எருன்னா ஏக்கருக்கு 4, 5 டன் கணக்கு, உங்களுக்கு ஒன்றரை டன் தாராளம். கையில எடுத்தா சாணி வாடையே வரக்கூடாது, அதான் மக்கின எரு. பச்சை சாணிய கொட்டுனா வேர்ப்புழுவை விலை குடுத்து வாங்குன மாதிரி.

மாடித்தோட்டக்காரி:
நான் துளசி, தூதுவளைக்கு மாசம் ஒரு தடவை மண்புழு உரம் ரெண்டு கை போடுறேன், கூடவே பஞ்சகவ்யா 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி, இலை சும்மா தளதளன்னு வருது. நிலத்துக்கும் இதே அளவுதானே அண்ணா?

செம்மண்_சேலம்:
பஞ்சகவ்யா அளவு அதேதான்மா, துணில வடிகட்டி அடிக்கணும் இல்லன்னா நாசில் அடைச்சுக்கும். ஆனா தளதளன்னு இருக்குறது சமையலுக்குத்தான் அழகு. நிலவேம்பு விக்கிறது காய்ஞ்ச எடைக்கு, தழைச்சத்து ஓவரா ஏத்துனா இலை நீர் கோத்து நிக்கும், காய வச்சா ஒண்ணும் தேறாது. கசப்புதான் அதுக்கு விலை, பூ வர ஆரம்பிக்கிறப்ப அறுத்தாத்தான் கசப்பு முழுசா இருக்கும், அந்த நேரத்துல உரம் குடுத்து என்ன புண்ணியம்.

கொல்லிமலை_காத்து:
இன்னொண்ணு யாருமே சொல்லல. பஞ்சகவ்யால பால், தயிர், நெய்யோட சாணியும் கோமியமும் இருக்கு. கீழாநெல்லி மஞ்சக்காமாலைக்குன்னு பச்சையாவே அரைச்சு மோர்ல கலக்கி குடிக்கிற செடி, அறுப்புக்கு மூணு வாரம் முன்னாடியே ஸ்ப்ரே நிறுத்திடுங்க. பெரிய கம்பெனிங்க சரக்குல கிருமி டெஸ்ட் பாப்பாங்க, இயற்கைன்னு சொன்னா மட்டும் எடுக்க மாட்டாங்க. காய வைக்கிறதும் தார்ப்பாய் மேல, நிழல்ல.

வெள்ளாமைக்காரன்:
சரிங்கண்ணா, கிடையே போட்டுடுறேன், சணப்பு விதை இங்க கெடைக்கல, தக்கைப்பூண்டு ஓகேவா?

செம்மண்_சேலம்:
ஓகேதான், ஆனா அதுக்கு தண்ணி கொஞ்சம் வேணும். கிணத்துல இருந்தா போடுங்க, இல்லன்னா தட்டைப்பயிறு.