மிசிசிப்பியை முழங்கால் தண்ணீரில் தாண்டிய கதை

போன ஜூன் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மினசோட்டாவில் இட்டாஸ்கா ஸ்டேட் பார்க் போய் வந்தோம். அம்மா முக்கொம்பு பக்கம் பிறந்து வளர்ந்தவர். "அமெரிக்காவோட பெரிய ஆறு எங்க பொறக்குதுன்னு காட்டுறேன், வாங்கம்மா" என்று சொல்லித்தான் கிளப்பினேன். மினியாபொலிஸிலிருந்து நாலு மணி நேரம் கார். வழியெல்லாம் "இன்னும் எவ்வளவு தூரம்டி?"

ஏரியின் வடக்குக் கோடியில் பாறாங்கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் மிசிசிப்பி, அவ்வளவுதான். இங்கிருந்து கடல் வரை 2,552 மைல் என்று ஒரு மரத்தூணில் செதுக்கியிருக்கிறார்கள். கல் மேலே நடந்து போட்டோ எடுக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள், நானும் ஆசைப்பட்டேன். பாசியில் வழுக்கி இடுப்பு வரை நனைந்ததுதான் மிச்சம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லுக்குக் கீழே தண்ணீரில் இறங்கி நிதானமாக அக்கரை போய்ச் சேர்ந்தார். நீங்களும் அப்படியே போங்கள்.

அறைக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 1930களில் இந்த இடம் வெறும் சதுப்பாக இருந்ததாம். பார்க்க லட்சணமாக இல்லையென்று சதுப்பை வடித்து, வாய்க்காலைச் சீராக்கி, சின்னதாக ஓர் அணையும் கட்டியிருக்கிறார்கள். பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசாங்கம் நடத்திய சி.சி.சி. என்ற திட்டத்து இளைஞர்கள் செய்த வேலை. 'இட்டாஸ்கா' பூர்வகுடிப் பெயர் என்று வேறு நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. 1832இல் ஓசாவிண்டிப் என்ற ஓஜிப்வே பூர்வகுடித் தலைவர் வழிகாட்டி அழைத்து வந்த ஸ்கூல்கிராஃப்ட் என்ற ஆய்வுப் பயணி, 'வெரிடாஸ் காபுட்' (உண்மை, தலை) என்ற லத்தீன் சொற்களின் தலையையும் வாலையும் நறுக்கிச் செய்த பெயராம். ஓஜிப்வே மக்கள் எல்க் மான் ஏரி என்று அழகாகத்தான் வைத்திருந்தார்கள்.

ஏமாந்துவிட்ட மாதிரி அம்மாவிடம் புலம்பினேன். "கல்லணை மட்டும் தானா மொளைச்சுதா? தண்ணி நெசந்தானே, விடு" என்றார்.

மேரி கிப்ஸ் கதையைச் சொன்னபோதுதான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1903இல் பார்க் பொறுப்பு 24 வயதுப் பெண் கையில். மரக் கம்பெனி கட்டையை மிதக்கவிட அணை போட்டு ஏரியை உயர்த்தியதில், கரையோரப் பைன் மரங்கள் மூழ்கும் நிலை. மதகைத் திறக்கச் சொல்லிப் போனவரைத் துப்பாக்கி காட்டி மிரட்டினார்கள். அவர் அசரவில்லை. விசிட்டர் சென்டர் ஒன்றுக்கு அவர் பெயர்தான்.

ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். "யாரோ பொம்பளை அழுவுறா, டார்ச்சை எடு." ஏரிப் பக்கமிருந்து நீளமாக ஓர் ஓலம், பிறகு சிரிப்பு மாதிரி ஒரு நடுங்கல். லூன் பறவை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை, கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார். விடியற்காலையில் கரைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். சிவப்புக் கண், முதுகெல்லாம் கோலப்புள்ளி, அந்த முதுகின் மேலே பஞ்சு மாதிரி ஒரு குஞ்சு. "இதுவா அந்தப் பாடு படுத்துச்சு!"

* * *

உங்கள் இட்டாஸ்கா பதிவைப் படித்தேன் அக்கா, உங்களுக்கு உண்ணி ஏறவில்லையா? நானும் ரூம்மேட்டும் ஜூன் முதல் வாரம் அரைக்கால் சட்டையோடு காட்டுப் பாதையில் ஏய்ட்டன் ஹைட்ஸ் கோபுரத்துக்குப் போனோம். காட்டுத்தீ பார்க்கக் கட்டிய 100 அடி இரும்புக் கோபுரம். ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. பாதி உயரத்தில் காற்று அடித்ததும் எனக்குக் கால் வெலவெலத்துவிட்டது. மேலே போனால் பச்சையும், நடுநடுவே கண்ணாடித் துண்டு போல் ஏரிகளும் மட்டுமே. பார்க்குக்குள் மட்டும் 100க்கும் மேல் ஏரியாம்.

பெருமையாகக் கீழே இறங்கி, காரில் எண்ணிப் பார்த்தால் ஆளுக்குப் பதினோரு உண்ணி. பெரியது பரவாயில்லை, எள்ளளவு இருக்கும் மான் உண்ணிதான் லைம் நோயைத் தரும். முழு பேன்ட் போட்டு, அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கணும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

* * *

ஏறாமல் இருக்குமா தம்பி? எனக்கு மூன்று. நான் பெட்டியில் சாமணம் தேடி முடிப்பதற்குள், "மாட்டுக்கு எடுத்த கைதானே" என்று அம்மா மூன்றையும் நகத்தாலேயே எடுத்துப் போட்டுவிட்டார்.