மின்னஞ்சல் முகவரியை அழுத்தினால் அவுட்லுக் வருகிறது, ஜிமெயிலை வரவைப்பது எப்படி?

பட்டிருப்புப் பிள்ளை:

வணக்கம். களுவாஞ்சிகுடியில் அப்பாவின் கொமினிகேசன் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். கொம்பியூட்டரில் விண்டோஸ் 11, பிரவுசர் குரோம், மெயில் எல்லாம் ஜிமெயில். ஏதாவது ஒரு வெப்சைட்டில் மின்னஞ்சல் முகவரியை அழுத்தினால் ஜிமெயில் வராமல் அவுட்லுக் எழும்பி வந்து, கணக்கைச் சேர் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. அதை மூடிவிட்டு, முகவரியைப் பார்த்துப் பார்த்து ஜிமெயிலில் நானே டைப் பண்ணுகிறேன்.

போன கிழமை அதில்தான் பிழைத்தது. மண்டூரில் இருந்து ஒரு தம்பி, வாவியைக் கடக்கிற படகில், எங்கள் ஊரில் 'பாதை' என்போம், அதில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து கடைக்கு வந்தவன். ஒரு வேலைக்கு விண்ணப்பம், அன்று நாலு மணியோடு முடிவு. சான்றிதழ் எல்லாம் ஸ்கான் பண்ணிக் கடைக் கணக்கில் இருந்தே அனுப்பினேன். அவன் போன பிறகுதான் பார்க்கிறேன், அப்படியொரு முகவரியே இல்லை என்று மெயில் திரும்பி வந்து கிடக்கிறது. முகவரிக்கு நடுவில் இருந்த ஒரு புள்ளியை விட்டிருக்கிறேன். மூன்றே முக்காலுக்குத் திருத்தி அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. ஆனால் கை நடுக்கம் நிற்க நேரம் எடுத்தது. நான் திரும்ப மெயிலைத் திறக்காமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

முகவரியை அழுத்தினால் நேரே ஜிமெயில் திறக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.


தம்பிலுவில் அண்ணன்:

வழி இருக்கிறது தங்கச்சி, பத்து நிமிச வேலை. முதலில் இதை விளங்கிக்கொண்டால் மறுகா எங்கே பிழைத்தாலும் நீங்களே பிடித்துவிடலாம். வெப்சைட்டில் இருக்கிற அந்த முகவரிக்குப் பின்னால் 'மெயில்டூ' (mailto) என்று தொடங்கும் ஒரு இணைப்பு இருக்கும். அது வழக்கமான வெப் இணைப்பு மாதிரி ஒரு பக்கத்தைத் திறக்கிற இணைப்பு அல்ல, 'மெயில் எழுதும் வேலையை யார் பார்க்கிறீர்களோ எடுங்கள்' என்று கேட்கிற இணைப்பு. அந்த வேலை தன்னுடையது என்று ஜிமெயில் குரோமிடம் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் குரோம் அதை விண்டோஸிடம் தள்ளிவிடும், விண்டோஸ் தன்னிடம் இருக்கிற அவுட்லுக்கை எழுப்பும். முந்தி மெயில் என்ற செயலி வந்துகொண்டிருந்தது, 2024 டிசம்பர் 31ஓடு அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டுப் புதிய அவுட்லுக்கை விட்டிருக்கிறது.

குரோமில் ஜிமெயிலைத் திறவுங்கள். மேலே முகவரிப் பட்டையின் வலப்பக்கத்தில் இரண்டு டயமண்ட் ஒன்றின்மேல் ஒன்று ஏறின மாதிரி ஒரு சின்னக் குறி தெரியும். அதை அழுத்தி அனுமதி கொடுத்து முடியுங்கள். குறி தெரியாவிட்டால் குரோம் செற்றிங்ஸில் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, அதற்குள் சைட் செற்றிங்ஸ், அதற்குள் கூடுதல் அனுமதிகளைத் திறந்தால் புரொட்டகோல் ஹாண்ட்லர்ஸ் என்று இருக்கும். அங்கே தளங்கள் கேட்கலாம் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். எப்போதாவது யாராவது 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் ஜிமெயில் அங்கே தடுத்த பட்டியலில் கிடக்கும், அதை நீக்கிவிட்டு ஜிமெயிலை றிஃப்ரெஷ் பண்ணுங்கள்.

குரோமுக்குள் அழுத்துகிற முகவரிகளுக்கு இவ்வளவும் போதும். வேர்ட் கோப்பில், பிடிஎஃபில் இருக்கிற முகவரிகளுக்கு விண்டோஸிலும் மாற்ற வேண்டும். விண்டோஸ் செற்றிங்ஸ், அப்ஸ், டிபோல்ட் அப்ஸ். மேலே உள்ள பெட்டியில் மெயில்டூ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், அவுட்லுக் வரும், அதை அழுத்திக் குரோமைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே ஜிமெயிலைத் தேட வேண்டாம், இருக்காது. ஜிமெயில் ஒரு வெப்சைட்தானே, கொம்பியூட்டரில் ஏற்றின புரோகிராம் இல்லை. விண்டோஸ் குரோமிடம் கொடுக்கும், குரோம் ஜிமெயிலிடம் கொடுக்கும்.

பயர்பொக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு: செற்றிங்ஸ், ஜெனரல், கீழே அப்ளிகேஷன்ஸ் என்ற பகுதியில் மெயில்டூவுக்கு நேரே ஜிமெயிலைத் தெரிந்தால் சரி.


பட்டிருப்புப் பிள்ளை:

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே தடுத்த பட்டியலில்தான் இருந்தது. நீக்கின உடனே டயமண்ட் குறி வந்துவிட்டது. இப்போது அழுத்தினால் ஜிமெயிலில் புது மெயில் திறந்து, முகவரியும் ஏறி நிற்கிறது. பெரிய உதவி!

இன்னொன்று. கோப்பின்மேல் ரைட் கிளிக் பண்ணி சென்ட் டூ, மெயில் றிசிப்பியன்ட் கொடுத்தால் மட்டும் இன்னும் ஜிமெயில் வருகுதில்லை. நான் எதையாவது விட்டுவிட்டேனா?


சாய்ந்தமருது நானா:

நீங்கள் ஒன்றும் விடவில்லை தங்கச்சி, அது வேறு பாதை. சென்ட் டூ போவது மெயில்டூ வழியாக இல்லை, மாப்பி என்ற பழைய விண்டோஸ் வழி. கொம்பியூட்டரில் ஏற்றின மெயில் புரோகிராமோடு மட்டும்தான் அது பேசும். மெயில்டூ இணைப்பால் முகவரி, தலைப்பு, கொஞ்ச எழுத்து கொண்டுபோகலாம், கோப்பைக் கொண்டுபோக முடியாது. அதனால் ஜிமெயிலில் புது மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பை மவுஸால் இழுத்து அதற்குள் போடுங்கள், அதுதான் சுகம். 25 எம்பிக்கு மேலே போனால் ஜிமெயில் அதைக் கூகிள் டிரைவில் ஏற்றி லிங்க்காக அனுப்பும். விண்ணப்பத்துக்கு லிங்க் அனுப்புவது எனக்குப் பிடிக்காது, அங்கே திறக்கிறவருக்கு அனுமதி இல்லாமல் போனால் உங்கள் பிள்ளையின் சான்றிதழை யாரும் பார்க்க மாட்டார்கள். ஸ்கான் பண்ணும்போதே தெளிவின் அளவை 200 டிபிஐயில் வைத்து எடுத்தால் அவ்வளவு பெரிதாக வராது.

சென்ட் டூ கட்டாயம் வேண்டும் என்றால் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமைப் போடுங்கள். இலவசம், ஜிமெயில் கணக்கை அதில் சேர்க்கலாம், மாப்பியும் அதற்குத் தெரியும்.


கல்லடி டீச்சர்:

மகள், எல்லாரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் இது கடைக் கொம்பியூட்டர் என்பதை மறக்க வேண்டாம். நாலு பேர் வந்து தங்கள் தங்கள் ஜிமெயிலைத் திறக்கிற இடம். குரோமில் இரண்டு கணக்கு ஒன்றாகத் திறந்திருந்தால் மெயில்டூ முதலில் உள்நுழைந்த கணக்கில்தான் திறக்கும். எங்களுக்கு இப்படி நடந்தது. பாடசாலைக் கொம்பியூட்டரில் ஒரு பிள்ளையின் கடிதம், முந்தின நாள் வெளியேறாமல் போன இன்னொரு பிள்ளையின் பெயரில் போய்விட்டது. பதில் வந்ததும் அந்தப் பிள்ளைக்கே. இரண்டு பெற்றோரையும் கூப்பிட்டுப் பேச வேண்டியதாய்ப் போனது.

அதனால் கடைக் கணக்குக்கு குரோமுக்குள் தனியாக ஒரு புரொஃபைல் (தனிப் பயனர் பகுதி) வைத்து, இந்த ஏற்பாட்டை அதில் மட்டும் செய்யுங்கள். வாடிக்கையாளர் தன் கணக்கில் இருந்து அனுப்புவதென்றால் கெஸ்ட் விண்டோ திறந்து கொடுங்கள், மூடினதும் அவர் உள்நுழைந்ததும் பார்த்ததும் அழிந்துவிடும். அதில் இந்த மெயில்டூ ஏற்பாட்டை எதிர்பார்க்காதீர்கள். அங்கே முகவரியின்மேல் ரைட் கிளிக் பண்ணினால் மின்னஞ்சல் முகவரியை கொப்பி பண்ண ஒரு வரி இருக்கும். கொப்பி, பேஸ்ட். ஒரு புள்ளியும் தவறாது, நீங்கள் ஒரு எழுத்தும் டைப் பண்ண வேண்டியதில்லை.


தம்பிலுவில் அண்ணன்:

டீச்சர் சொன்னது மிகச் சரி. கொப்பி பண்ணும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். சில இடங்களில் அந்த இணைப்புக்குள்ளேயே தலைப்பையும், பதவியின் இலக்கத்தையும் எழுதி வைத்திருப்பார்கள். அழுத்தினால் தலைப்பு தானாக ஏறும், முகவரியை மட்டும் கொப்பி பண்ணினால் அது விடுபட்டுப்போகும். கெஸ்ட் விண்டோவில் அனுப்பும்போது விளம்பரத்தை ஒரு தடவை வாசித்துத் தலைப்பை நீங்களே போடுங்கள்.


பட்டிருப்புப் பிள்ளை:

கடைக்கென்று புரொஃபைல் செய்துவிட்டேன் டீச்சர், அதில் மட்டும்தான் மெயில்டூ. கெஸ்ட் விண்டோவில் ரைட் கிளிக் பண்ணிப் பார்த்தேன், வேலை செய்கிறது. நானா, பழைய ஸ்கான் எல்லாம் 600இல் எடுத்திருக்கிறேன், அதுதான் அவ்வளவு பாரம்.

மண்டூர்த் தம்பி புதன்கிழமை இன்னொரு விண்ணப்பத்தோடு வருகிறான். இந்த முறை அவனைப் பக்கத்தில் இருத்தி, அனுப்புகிறவர், பெறுகிறவர், தலைப்பு மூன்றையும் அவனையே வாசிக்க வைத்துவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன். மெயில் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அவனைப் பாதைக்கு விடுவேன்.