எடை குறைந்த டிஸ்க் ரோட்டர்: கோத்தகிரி இறக்கத்துக்குத் தாங்குமா?

மலையேறி_கோவை:
வணக்கம். என் எடை 74 கிலோ. சைக்கிள், தண்ணீர், டூல் பை எல்லாம் சேர்த்து 10 கிலோ. ஷிமானோ 105 ஹைட்ராலிக் பிரேக், இரண்டு சக்கரத்திலும் 160 மி.மீ. விட்டமுள்ள சென்டர் லாக் ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு, நடுவில் ஒரே வளையத்தால் பூட்டுவது). கழற்றி அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்தேன், ஒன்று 131 கிராம். ஆன்லைனில் 92 கிராமுக்கு ஒரு 160 ரோட்டர் கண்ணில் பட்டது. இரும்பை விட ஓட்டைதான் அதிகம்! முன்னால் அது, பின்னால் அதே வகையில் 140 என்று போட்டால் 90 கிராம் வரை மிச்சம். மாதம் இரண்டு முறை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, அதே வழியில் இறங்குவேன். வாங்கலாமா?

ஈசிஆர்_காலை:
தாராளமாக வாங்குங்கள் ப்ரோ. மூன்று வருடமாக முன்னும் பின்னும் 140தான் ஓட்டுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஒன்று, நான் சென்னை. முட்டுக்காடு பாலம்தான் எனக்கு மலை.

பழைய_பெடல்:
தம்பி, அதே மாதிரி ஒன்றை நானும் வாங்கினேன். நான் 81 கிலோ. முதல் இறக்கத்தில் பாதி தூரம் லிவரை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வந்தேன். கருகிய வாடை வந்தது. லாரி பிரேக் என்று நினைத்தேன். குஞ்சப்பனையில் டீக்கு நிறுத்தியபோதுதான் வாடை என் சைக்கிளிலிருந்து வருவது தெரிந்தது. பாட்டிலைப் பீய்ச்சினேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல 'சுர்ர்' என்றது. அது முட்டாள்தனம், நீங்கள் செய்யாதீர்கள். ரோட்டர் வளைந்தது சூட்டாலா, நான் ஊற்றிய தண்ணீராலா என்று இன்றுவரை எனக்கே சந்தேகம். வீடு வரை 'சிங்... சிங்...' என்று பேடில் (ரோட்டரை இருபுறமும் கவ்வும் கட்டையில்) உரசிக்கொண்டே வந்தது. ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

தோராயமாக ஒரு கணக்கு போடலாம். நீங்களும் சைக்கிளும் 84 கிலோ. கொண்டை ஊசி வளைவுக்கு முன் 45 கி.மீ. வேகத்தை 15க்குக் குறைத்தால் 5,800 ஜூல் சூடாக மாறும். மூன்றில் இரண்டு பங்கை முன் பிரேக் வாங்கும் என்று வையுங்கள். ஒரு கிராம் எஃகை ஒரு டிகிரி சூடேற்ற அரை ஜூல் போதும். அப்படியானால் 131 கிராம் ரோட்டர் ஒரே பிடிப்பில் 60 டிகிரி ஏறும். 92 கிராம் ரோட்டர் 85 டிகிரி. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே 33 கி.மீ.யில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம், மறக்காதீர்கள். ஓட்டை கூடினால் பேடும் சீக்கிரம் தேயும்.

எடை குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஷிமானோவின் எம்டி800 ரோட்டரைப் பாருங்கள். 160 அளவே சுமார் 110 கிராம்தான். இரண்டு எஃகுத் தகட்டுக்கு நடுவே அலுமினியம் வைத்தது, சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும். இரண்டுக்கும் சேர்த்து 40 கிராம் மிச்சம். முன் சக்கரத்தில் 160ஐ மட்டும் குறைக்காதீர்கள். பின்னால் 140 போடுமுன் பிரேமைப் பாருங்கள். 160க்கென்றே செய்த பிரேம் என்றால் காலிப்பரை (பேடைப் பிடித்திருக்கும் பகுதியை) கீழே இறக்க வழியில்லை.

அப்புறம், பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் ரோட்டருக்குக் காற்று.

ஈசிஆர்_காலை:
கிராம் கணக்குதான் பிரச்சினை என்றால் டியூபை மாற்றலாமே! சாதா பியூட்டைல் ரப்பர் டியூப் ஒன்று 100 கிராமுக்கு மேல், டிபியூ என்ற மெல்லிய பிளாஸ்டிக் டியூப் 40க்குள். இரண்டு சக்கரத்துக்கும் மாற்றினால் ரோட்டரில் கிடைப்பதை விட அதிகம் மிச்சம்.

மலையேறி_கோவை:
நன்றி அண்ணா. நானும் லிவரைத் தேய்த்துக்கொண்டே இறங்குகிற ஆள்தான், படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. காலிப்பரைக் கழற்றிப் பார்த்தேன். என் பிரேம் பின்னாலும் 160க்குத்தான், 140 பொருந்தாது. சரி, வெர்னியர் கையில் இருக்கிறதே என்று பழைய ரோட்டரின் தடிமனை அளந்தேன். முன்னது 1.5 மி.மீ., பின்னது 1.6. ரோட்டரில் '1.5' என்று பொறித்திருப்பதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது: அந்தத் தடிமனுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். பின்னதும் நெருங்கிவிட்டது. ஆக, எப்படியும் மாற்றியாக வேண்டும். எம்டி800, இரண்டும் 160. கூடவே டிபியூ டியூப்.

பழைய_பெடல்:
புதிது 1.8 இருக்கும், உங்களுடையது முடிந்த கதை. பேடையும் சேர்த்து மாற்றுங்கள். ரோட்டரைப் பூட்டும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் கருவி) வைத்து முடுக்க வேண்டும், கைக்கணக்கு வேண்டாம். பேட் உரசும் பகுதியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் கத்தும். புதுப் பேட் ரோட்டரில் படிவதற்காக, மலைக்குப் போகுமுன் சமதரையில் இருபது முறை வேகமெடுத்து, நிற்கும் அளவுக்கு வராமல் பிடித்து விடுங்கள். முதல் நாலைந்து தடவை பிரேக்கே இல்லாதது போலிருக்கும், பயப்படாதீர்கள்.