இரண்டாயிரத்து ஐநூறுக்குள் சமநிலையான இயர்போன்: பஸ்ஸில் கேட்பவருக்குச் சரிப்படுமா?

நித்யா_கோவை

வணக்கம். இப்போது என்னிடம் இருப்பது ஒயர் இல்லாத இயர்பட்ஸ். ஜிம்முக்கு ஆகும், புதுப் பாட்டுகளுக்கும் குறையில்லை. ஆனால் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒவ்வொரு தட்டுக்கும் குரலின் மேலேயே வந்து உட்காருகிறது. தம்புரா இருக்கும் இடமே தெரிவதில்லை. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் மட்டும் காதைக் கிழிக்கிறது.

பட்ஜெட் 2,500 ரூபாய். ஒயர் இருந்தாலும் பரவாயில்லை. தினமும் காலையும் மாலையும் பஸ்ஸில்தான் கேட்பேன், இரவு வீட்டில் கொஞ்சம். கச்சேரி பாதி, எண்பதுகளின் சினிமாப் பாட்டு பாதி. போனில் இயர்போன் துளை கிடையாது, டைப் சி மட்டும்தான். "சமநிலையான ஒலி உள்ள ஐஈஎம், அதாவது காதுக்குழாய்க்குள் செருகும் இயர்போன், வாங்கு" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இந்த விலையில் அப்படி ஒன்று உண்மையிலேயே கிடைக்குமா?

தனிஆவர்த்தனம்

கிடைக்கும், தயங்க வேண்டாம். மூன்டிராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, அதன் அடுத்த வடிவமான ஜீரோ 2. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் நீங்கள் சொன்ன மிருதங்கப் பிரச்சினை தீரும். சால்நோட்ஸ் ஜீரோ 2022இல் வந்தது, சூ 2 அதற்கு அடுத்த ஆண்டு. வெளிவந்தபோது வெளிநாட்டு விலை 20, 25 டாலர்தான். மூன்றிலும் காதுக்கு ஒரே ஒரு டைனமிக் டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர். "அஞ்சு டிரைவர், ஏழு டிரைவர்" என்று பெட்டியில் போட்டு விற்பதைப் பார்த்து மயங்காதீர்கள். டிரைவர் எண்ணிக்கைக்கும் சமநிலைக்கும் சம்பந்தமே இல்லை, எந்த ஒலி எவ்வளவு கேட்க வேண்டும் என்று அமைக்கும் டியூனிங்தான் எல்லாம்.

சமநிலை என்றால், எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வரும் என்று காட்டும் வரைபடத்தில் நேர்கோடு என்று பலர் நினைக்கிறார்கள். திறந்த காதுக்குள் ஒலி வரும்போது செவிமடலும் காதுக்குழாயும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தாமாகவே 10 டெசிபலுக்கு மேல் ஏற்றிக் கொடுக்கின்றன. நம் மூளைக்கு அது பிறவியிலிருந்தே பழக்கம். இயர்போன் காதை அடைத்ததும் அந்த ஏற்றம் போய்விடும், அதை இயர்போனே திருப்பித் தந்தாக வேண்டும். அதனால் நல்ல சமநிலையான ஐஈஎம்மின் வரைபடத்தில் 3,000 பக்கம் ஒரு மேடு இருக்கும். அது இல்லாவிட்டால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும்.

ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பல வருடம் ஆட்களை உட்கார வைத்து, எந்தத் தொனி பிடிக்கிறது என்று கேட்டுக்கேட்டு ஓர் இலக்கு வளைவு வரைந்தார்கள். மேலே சொன்ன மூன்றும் அந்த வளைவுக்கு அதிகம் விலகாதவை. 200 டாலர் கொடுத்தால்தான் கிடைக்கும் என்றிருந்த டியூனிங் இது, இன்று பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்துவிட்டது.

மாடிவீட்டு_குமார்

நித்யா, வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம். நீங்கள் கேட்கப்போவது பஸ்ஸில். டீசல் இன்ஜின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்தான், அது பாட்டின் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, முதலில் விழுங்கிவிடும். அமைதியான அறையில் அளவாக இருக்கும் பேஸ், பஸ்ஸில் இல்லவே இல்லை என்று ஆகிவிடும். மிச்சமிருப்பது தனிஆவர்த்தனம் சொல்லும் அந்த 3,000 மேடு மட்டும். ஒரு மணி நேரத்தில் காது எரியும்.

பஸ்ஸுக்கு வி வடிவ டியூனிங்தான் சரி. கேஇசட் என்ற பிராண்டில் ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. பேஸ் தூக்கல், ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) தூக்கல், சத்தத்தையும் மீறிப் பாட்டு உயிரோடு கேட்கும். மிச்சம் 1,500 ரூபாய் உங்கள் பையில்.

அந்த வளைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது சராசரி. அதே ஹார்மன் ஆட்கள் பிறகு கேட்பவர்களின் விருப்பத்தை வகை பிரித்தபோது, நூற்றில் 15 பேருக்கு அதைவிட அதிக பேஸ் பிடித்தது, 21 பேருக்குக் குறைவான பேஸ் பிடித்தது. மூன்றில் ஒருவருக்கும் மேல் அந்த வளைவுக்கு வெளியே நிற்கிறார். பிறகு எப்படி அதைத்தான் "சரியான ஒலி" என்பீர்கள்?

தனிஆவர்த்தனம்

கணக்கைக் கொண்டுவந்தது நல்லது, குமார். அதே கணக்கில் 64 பேருக்கு அந்த வளைவு அப்படியே பிடித்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால், 64 பேர் நிற்கும் பக்கத்தைத்தானே முதலில் காட்டுவேன்? அதிலும் நித்யாவின் குறையே பேஸ் அதிகம் என்பதுதான். பேஸ் குரலை மூடுகிறது என்று வந்தவருக்கு இன்னும் பேஸ் உள்ளதைக் கொடுத்து அனுப்புவதா?

பஸ் இரைச்சலுக்கு நீங்கள் சொல்லும் மருந்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாழ்ந்த ஒலி மேலே உள்ள ஒலியை மூடுவது சுலபம், மேலே உள்ளது தாழ்ந்ததை மூடுவது கஷ்டம். நம் செவியின் அமைப்பு அப்படி, சத்தம் கூடக்கூட இது இன்னும் மோசமாகும். இன்ஜின் ஏற்கெனவே தாழ்ந்த பக்கத்தை நிரப்பியிருக்கிறது. அதன் மேல் பேஸையும் கொட்டினால் குரலுக்கு எங்கே இடம்? பாடகரைத் தேடி வால்யூமைக் கூட்டுவீர்கள், பேஸும் சேர்ந்து கூடும்.

ஸ்டூடியோ_ரமணி

ரெக்கார்டிங்கில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் நடுவே வருகிறேன். இருவரும் ஒலியைப் பற்றிப் பேசுகிறீர்கள். காதில் அது எப்படி உட்காருகிறது என்பதை யாரும் தொடவில்லை.

ஐஈஎம்மின் பேஸ் முழுக்க அடைப்பைப் பொறுத்தது. இயர்போன் முனையில் மாட்டும் டிப் காதுக்குழாயில் சரியாக ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் 10 டெசிபலுக்கு மேல் ஓடிவிடும். அதே இடைவெளி வழியாகத்தான் பஸ் சத்தமும் உள்ளே வரும். குமார் சொல்லும் "பஸ்ஸில் பேஸே இல்லை" என்ற அனுபவத்தில் பாதி இதுதான்.

நித்யா, எதை வாங்கினாலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள், குழாய் நேராகும். மறு கையால் இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே விடுங்கள். மடலை விட்டதும் குழாய் டிப்பைக் கவ்விக்கொள்ளும். இப்போது பேஸ் கிட்டார் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு பக்கமும் விரலால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால் அடைப்பு போதவில்லை என்று அர்த்தம், அடுத்த அளவு டிப் போடுங்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பலருக்கு ஒரு பக்கம் நடுத்தரமும் மறு பக்கம் பெரியதும்தான் பொருந்தும்.

தனிஆவர்த்தனம் அவர்களே, உங்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. மூன்றில் எதை எடுத்தாலும் சரி என்கிறீர்கள். முதல் சால்நோட்ஸ் ஜீரோவில் பேஸ் மெலிவு, மேல்பக்கம் வெளிச்சம், அதாவது கூர்மை, கூடுதல். எண்பதுகளின் பதிவுகள் பலவற்றில் பெண்குரலும் தந்திக்கருவிக் கூட்டமும் ஏற்கெனவே கூர்மையாகத்தான் இருக்கும். நாதஸ்வரம் என்றால் கேட்கவே வேண்டாம், அதன் பலமே அந்த மேல் சுரங்களில்தான். அதற்கு மேல் இயர்போனும் வெளிச்சம் போட்டால் அரை மணி நேரம் தாங்காது. வயலின் காதைக் கிழிக்கிறது என்று நித்யா முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். ஜீரோ 2இல் பேஸைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள், மொத்தத் தொனியும் கதகதப்பாகிவிட்டது. என் ஓட்டு அதற்கு.

வரைபடத்தை 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பவும் வேண்டாம். பெரும்பாலோர் அளக்கும் செயற்கைக் காதில் அந்த இடத்தில் அதற்கே சொந்தமான ஒரு முழக்கம் உண்டு. இயர்போனை எவ்வளவு ஆழம் செருகினோம் என்பதைப் பொறுத்து அது இடம் மாறும்.

வேலன்_ஈக்யூ

எதற்கு வாங்க வேண்டும்? இருக்கும் இயர்பட்ஸின் ஆப்பைத் திறந்து, ஈக்யூவில் (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் இடம்) 200 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் நான்கைந்து டெசிபல் குறைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். தொப்பி குரலை விட்டு இறங்கிவிடும். ஆப்பில் ஈக்யூ இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்று ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு ஆட்டோஈக்யூ என்ற ஆயத்தத் திருத்தம் அதற்குள்ளேயே கிடைக்கும். மாடல் பெயரைத் தேடித் தட்டினால் முடிந்தது. 2,500 ரூபாய் மிச்சம். பஸ்ஸுக்கு உங்கள் இயர்பட்ஸில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அது பெரும்பாலான ஒயர் இயர்போன்களைவிட இன்ஜின் சத்தத்தை நன்றாக அடக்கும்.

தனிஆவர்த்தனம்

வேலன் சொல்வது இன்றிரவே செய்து பார்க்க வேண்டியது, செலவில்லை. ஆனால் இயர்பட்ஸில் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும், மாற்ற வழியில்லை. சூ 2இலும் ஜீரோ 2இலும் ஒயர் தனியாகக் கழன்று வரும். ஒயர் போனால் ஒயரை மட்டும் மாற்றலாம். சூ 2இல் ஒலி வரும் குழல் முனையையும் திருகிக் கழற்றி மாற்றலாம். வியர்வையும் ஈரமும் வலையில் அடைத்து ஒரு பக்கம் சத்தம் குறைவது நம் ஊர்ப் புழுக்கத்தில் சகஜம். அதனால் இதை நான் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ரமணி சார், ஜீரோ 2 பற்றி உங்களோடு முழுதாகச் சேர மாட்டேன். இரவில் அமைதியான அறையில் தம்புராவின் அனுசுரங்கள் (மூலச் சுரத்தோடு எழும் துணைச் சுரங்கள்) ஒவ்வொன்றாக விரிவது சூ 2இல் தெளிவாகக் கேட்கிறது. ஜீரோ 2இன் கூடுதல் பேஸ் அதன் மேல் கொஞ்சம் படிகிறது. கச்சேரிக்கு என் கை சூ 2 பக்கம்தான் போகும்.

மாடிவீட்டு_குமார்

ரமணி சார் சொன்ன அடைப்பு விஷயம் சரிதான், கேஇசட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் பாருங்கள், சமநிலை என்று சொல்லும் இருவருக்குள்ளேயே பேஸ் எவ்வளவு என்பதில் ஒத்துப்போகவில்லை. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். விருப்பத்துக்கு வாங்குங்கள், "சரியான ஒலி" என்ற பெயருக்கு வாங்காதீர்கள்.

வால்யூமையும் கணக்கில் வையுங்கள். மெதுவாகக் கேட்கும்போது நம் காது பேஸைக் குறைத்துத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே வரைந்து காட்டியது இது. இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பவருக்குச் சமநிலையான இயர்போன் மெலிவாகத்தான் தெரியும்.

ஸ்டூடியோ_ரமணி

தம்பி குமார், எங்கள் கருத்து வேறுபாடு இரண்டு மூன்று டெசிபலுக்குள். உங்கள் வி வடிவத்தில் பேஸுக்கும் குரலுக்கும் நடுவே விழும் பள்ளம் அதைவிட மிகப் பெரியது. முன்னது விருப்பம், பின்னதில் பாடகர் இரண்டு வரிசை பின்னால் போய்விடுகிறார். எண்பதுகளின் பாட்டில் பேஸ் கிட்டார் தனி ராகம் போலக் குரலுக்குக் கீழே நடக்கும். வி வடிவத்தில் அது அதிர்வாகத்தான் வரும், எந்தச் சுரம் என்று காதுக்குப் பிடிபடாது. சுரம் சுரமாக எழுதி வாசித்த ஒருவரின் உழைப்பு அது, அதைக் கேட்க முடியாமல் போவது எனக்கு வருத்தம்.

மெதுவாகக் கேட்கும்போது பேஸ் குறைவது உண்மை. அதனாலும்தான் ஜீரோ 2 என்கிறேன்.

நித்யா_கோவை

எல்லோருக்கும் நன்றி. வேலன் அண்ணா சொன்னபடி நேற்றிரவு ஈக்யூவில் குறைத்துப் பார்த்தேன். மிருதங்கம் அடங்கியது, குரல் முன்னால் வந்தது. ஆனால் வயலினின் கூர்மை அப்படியேதான் இருக்கிறது, தம்புரா இன்னும் மங்கல். எனவே வாங்கத்தான் போகிறேன். இரண்டு கேள்வி: டைப் சி போனில் ஒயரைச் செருக எந்த டாங்கிள்? காதுக்குழாய் எனக்குச் சின்னது, எல்லாவற்றிலும் சின்ன டிப்தான் போடுவேன். இவை வலிக்குமா?

தனிஆவர்த்தனம்

டாங்கிளுக்குள் டிஏசி சிப் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றுவது) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் மாற்றி சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும். ஆப்பிளின் டைப் சி டாங்கிள் தரமானது, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் வால்யூம் முழுதாக ஏறுவதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் வேறு எடுப்பது நல்லது. இந்த ஐஈஎம்கள் சுலபமாக ஓடக்கூடியவை, பெரிய ஆம்ப்ளிஃபயர் எதுவும் தேவையில்லை.

சின்னக் காது என்றால் சால்நோட்ஸ் ஜீரோவை விட்டுவிடுங்கள், குழல் தடிமன். சூ 2இன் உடல் சின்னது, உலோகம், உங்களுக்கு அது வசதி.

மாடிவீட்டு_குமார்

வாங்குங்கள் நித்யா, ஆனால் திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். முதல் நாளே பஸ்ஸில் போட்டுக் கேளுங்கள், வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். இரைச்சலுக்காக வால்யூமை ஏற்ற வேண்டி வந்தால் அந்த செட் உங்களுக்கு ஆகாது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும்.

ஸ்டூடியோ_ரமணி

இந்த விஷயத்தில் குமார் பக்கம்தான் நானும். பஸ்ஸுக்கு மட்டும் ஒரு ஜோடி ஃபோம் டிப் சேர்த்து வாங்கி வையுங்கள். விரலால் உருட்டிச் சின்னதாக்கிச் செருகினால் உள்ளே விரிந்து நன்றாக அடைக்கும், வெளிச்சத்தம் குறையும். ட்ரெபிளையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும், உங்கள் வயலின் குறைக்கு அதுவும் நல்லது. வீட்டில் சிலிகான் டிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். காது சின்னது என்பதால் நானும் சூ 2 என்றே சொல்கிறேன், ஜீரோ 2இன் உடல் அதைவிடப் பெரியது.

நித்யா_கோவை

சூ 2, மைக் இல்லாத ஒயர், ஒரு ஜோடி ஃபோம் டிப், டிஏசி உள்ள டாங்கிள். ஆர்டர் போட்டாயிற்று. பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டது, பரவாயில்லை. பஸ்ஸில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். குமார் அண்ணா, பேஸ் போதவில்லை என்றால் முதலில் உங்களிடம்தான் வருவேன்.