ட்யூப்லெஸ் டயரில் காற்று நிற்கவில்லை, ட்யூபுக்கே திரும்பிவிடலாமா?

கேள்வி:
ராமநாதபுரம் பக்கம் தினமும் சைக்கிள் ஓட்டுகிறேன். ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். ட்யூப் இருந்தவரை முள் ஏறாத வாரமே கிடையாது. பொங்கலுக்கு அப்புறம் 32 மி.மீ. ட்யூப்லெஸுக்கு மாறினேன், பஞ்சர் என்ற பேச்சே இல்லை. இப்போது பின் டயரில் இரவு 60 பிஎஸ்ஐ அடித்து வைத்தால் காலையில் அமுக்கும்போது விரல் உள்ளே போகிறது. முள் எதுவும் கண்ணில் படவில்லை. மோட்டார் பைக்கில் சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரவம்) இல்லாமலே காற்று நிற்கிறது, சைக்கிளுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

பதில் 1:
பைக் டயர் தடிமனானது, அலாய் வீலில் ஸ்போக் துளையும் இல்லை. சைக்கிள் டயரை எடை குறைய வேண்டும் என்று மெல்லிசாகச் செய்கிறார்கள். ரிம்மில் உள்ள ஸ்போக் துளைகளை மூடுவது ஒரு டேப் மட்டும்தான். அதனால் சீலன்ட் இல்லாமல் ஆகாது. நம் ஊர் வெயிலுக்கு அது இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சத்தமே வராவிட்டால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் சின்ன உள்பாகம்) கழற்றிவிட்டு அந்த வழியாகவே 50 மி.லி. ஊற்றுங்கள். கோரில் உறைந்த சீலன்ட் அடைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
ஊற்றியாச்சு அண்ணா, இப்போது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் சோப்புத் தண்ணீர் தடவினால் ஸ்போக் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்) ஓரமாகக் குமிழ் வருகிறது.

பதில் 2:
அப்படியென்றால் டேப் போய்விட்டது. எந்த நிப்பிளில் குமிழ் வருகிறதோ ஓட்டையும் அங்கேதான் என்று நினைக்க வேண்டாம். டேப்புக்கு அடியில் புகுந்த காற்று ரிம்முக்குள் சுற்றி எங்கே வேண்டுமானாலும் வெளியே வரும். பழைய டேப்பை முழுசாக உரித்து, ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, புது டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். வால்வுக்குச் சின்னத் துளை போதும். டயர் ஓரத்தை ரிம்மில் இறுக்கமாக உட்கார வைக்கக் கை பம்ப் பெரும்பாலும் போதாது. ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, பிரெஸ்டா (மெல்லிய சைக்கிள் வால்வு) அடாப்டரோடு கம்ப்ரஸரில் அடியுங்கள். 'டப் டப்' என்று சத்தம் வந்தால் உட்கார்ந்துவிட்டது. உங்களுடையது ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்க ஓரத்தில் கொக்கி மாதிரி வளைவு இல்லாதது) என்றால் உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. அதைத் தாண்டினால் டயர் கழன்று தெறிக்கலாம், உயிருக்கே ஆபத்து.

பதில் 3:
முள்ளுக்காட்டில் தினமும் ஓட்டுபவருக்கு ட்யூப்லெஸ்தான் சரி. காற்றைக் குறைவாக வைத்தாலும் ட்யூப் நசுங்கிக் கிழியும் பயம் இல்லை, குண்டும் குழியுமான ரோட்டில் இடுப்பு தப்பிக்கும். ஆனால் மாதம் ஒருமுறை எடுப்பவருக்கு நான் சொல்லவே மாட்டேன், சைக்கிள் நின்ற இடத்திலேயே சீலன்ட் காய்ந்துபோகும். ட்யூப் என்றால் எந்தக் கிராமத்திலும் ஒட்டிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, பையில் ஒரு ட்யூப் எப்போதும் இருக்கட்டும். டயர் அரை அங்குலம் கிழிந்தால் சீலன்ட் அடைக்காது. ட்யூப் போடும் முன்பு டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் தடவுங்கள். சீலன்ட் அடைத்த முட்கள் அங்கேயே நிற்கும், புது ட்யூபை உடனே குத்திவிடும்.

கேட்டவர்:
டேப் மாற்றியாச்சு. பழையது வால்வு துளையருகே நீளமாகக் கிழிந்திருந்தது. டயரின் உள்ளே கருப்பாக முள் நுனிகள், ஒவ்வொன்றின் மேலும் கடுகளவு ரப்பர் உறைந்திருக்கிறது. எல்லாவற்றையும் குறடால் பிடுங்கிவிட்டேன். காலையில் அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் சீலன்ட் ஊற்றிவிட்டேன்.