ஆன்ஸா பொரேகோ பூ போட்டோ: மஞ்சள் எல்லாம் வெளுத்துப் போகுது, என்ன பண்ணலாம்?

பாலைநடை:
எல்லாருக்கும் வணக்கம். சான் டியாகோல இருக்கேன். 2019 மார்ச்ல ஆன்ஸா பொரேகோ பாலைவனத்துல பூ கொட்டிக் கிடந்தப்ப குடும்பத்தோட ஹென்டர்சன் கேன்யன் ரோடு பக்கம் போயிருந்தோம். மஞ்சளா டெசர்ட் சன்ஃபிளவர், நடுநடுவுல ரோஸ் கலந்த ஊதால சாண்ட் வெர்பினா, பாக்கக் கண்ணு ரெண்டு போதல. வீட்டுக்கு வந்து பாத்தா 300 போட்டோல ஒண்ணுகூட அங்க பாத்த மாதிரி இல்ல, மஞ்சப் பூவுல இதழோட கோடே தெரியாம பெயின்ட் அப்பின மாதிரி இருக்கு, தூரமா எடுத்ததுல மண்ணுதான் தெரியுது. சாதா டிஎஸ்எல்ஆர், கூட வந்த 18-55 லென்ஸ். நல்ல மழை பெஞ்சா திரும்பப் போகணும், ஜூலைல யோசெமிட்டில துவாலமி மெடோஸ்ங்கற மலைப் புல்வெளிக்கும் போறோம். லென்ஸ் மாத்தணுமா, நான் எடுக்குற விதம் தப்பா?

கள்ளிக்காடு:
லென்ஸ் போதும்ங்க. மஞ்சள்ங்கறது கேமராவுக்கு சிவப்பும் பச்சையும் சேந்தது, வெயில்ல சிவப்பு சேனல் மொதல்ல நிரம்பி வழிஞ்சிரும், மொத்த ஹிஸ்டோகிராம் (படத்துல வெளிச்சம் எப்படிப் பரவியிருக்குன்னு காட்டுற வரைபடம்) பாத்தா ஒழுங்கா இருக்கற மாதிரிதான் தெரியும். மூணு கலரையும் தனித்தனியா காட்டுற ஹிஸ்டோகிராமைப் பாத்து எக்ஸ்போஷர் காம்பன்சேஷன -0.7, இல்லன்னா -1 வச்சு (படம் கொஞ்சம் இருட்டா வரும்) எடுங்க, ரா ஃபைலா (கேமரா பதிவு பண்ணத அப்படியே வச்சிருக்கற ஃபைல்) எடுங்க.

மண்ணு மட்டும் தெரியறதுக்குக் காரணம் நின்னுக்கிட்டே எடுத்ததுதான். பாலைவனத்துல செடிக்கும் செடிக்கும் இடைவெளி ஜாஸ்தி, மேல இருந்து பாத்தா அந்த இடைவெளிதான் தெரியும். பூ உயரத்துக்கு கேமராவ எறக்குங்க, ஒரு செடி இன்னொன்ன மறைச்சு மண்ணு காணாமப் போயிரும். லென்ஸ 18ல (அகலமா தெரியற பக்கம்) வச்சு ஒரு பூவுக்கு ஒரு ஜாண் கிட்டப் போய் எஃப் 11ல (லென்ஸ் துவாரத்த சின்னதாக்கி) எடுத்தா பூவும் பின்னாடி மலையும் ஒரே படத்துல வரும்.

அப்புறம் விடியறப்பவே அங்க இருங்க. வெள்ளையா பெருசா டூன் ஈவ்னிங் பிரிம்ரோஸ்னு ஒண்ணு இருக்கு, சாயங்காலம் விரிஞ்சு மறுநாள் வெயில் ஏறுனதும் வாடிரும். பத்து மணிக்குப் போறவங்க அத நல்லா பாத்திருக்கவே மாட்டாங்க.

மேட்டுவழி:
துவாலமி 8600 அடி, பனி உருகுன பிறகுதான் பூ, அதனால ஜூலை சரியான நேரம். அங்க பிரச்சனை காத்து. லூப்பின் மாதிரி நீளத் தண்டுப் பூ ஆடிக்கிட்டே இருக்கும், ஷட்டர் வேகம் 1/500 செகண்ட விட மெதுவா வேணாம், அதுக்காக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 800 ஆனாலும் பரவால்ல, மங்குனத விட கொஞ்சம் குருணை தெரியறது மேல். காலைலதான் காத்து அமைதியா இருக்கும், மதியத்துக்கு மேல இடி மழையும் வரலாம். ஒரு வெள்ளைக் குடை கொண்டு போங்க, உச்சி வெயில்ல ஒத்தப் பூவுக்குப் புடிச்சா வெளிச்சம் மெத்துனு விழும். ஆனா பூ மட்டும் நிழல்ல இருந்து பின்னாடி வெயிலடிச்சா படம் நல்லா வராது, பின்னணியும் நிழலா இருக்கற கோணமா பாருங்க.

செம்மண்:
கேமராவ எறக்குங்கன்னு சொன்னாங்கல்ல, பாதையோரமா உக்காந்தே எறக்குங்க ப்ளீஸ். 2019ல லேக் எல்சினோர் பக்கம் வாக்கர் கேன்யன்ல பாப்பிப் பூவுக்கு நடுவுல படுத்து போட்டோ எடுத்தவங்களால பூ நசுங்கி மலை பூரா தடம் தடமா ஆயிருச்சு, கூட்டம் தாங்காம 2023ல பூக்குற சமயத்துல யாரையுமே உள்ள விடல. இந்த வருஷம் மிதிபட்ட செடி விதை போடாது, இன்னொரு நல்ல மழைக்கு அங்க மொளைக்க விதை இருக்கணும்ல. எனக்கு இது ரொம்ப வலிக்கற விஷயம். பாப்பி எடுக்கணும்னா லங்காஸ்டர் பக்கம் ஆன்டெலோப் வேலி ரிசர்வ் போங்க, பாதை நல்லா போட்டிருக்காங்க, குளிர்லயும் பலமான காத்துலயும் பாப்பி மூடிக்கும், அதனால அது ஒண்ணுக்கு மட்டும் விடியக்காலை வேணாம்.

கொடைப்பனி:
நான் எடுக்கறது மேற்குத்தொடர்ச்சி மலைல, 2018ல குறிஞ்சி பூத்தப்ப எனக்கு நேர்மாறான அனுபவம். மூடுபனில கேமரா எல்லாத்தையும் சாம்பலாக்கிருச்சு, +0.7 ஏத்துனாத்தான் பனி பனியா வந்துச்சு. யோசெமிட்டில பனி கெடந்தா இத ஞாபகம் வச்சுக்குங்க.

பாலைநடை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, 300ம் நின்னுக்கிட்டே எடுத்ததுதான். கலர் தனித்தனியா காட்டுற ஹிஸ்டோகிராம் மெனுல எங்க இருக்குன்னு தேடுறேன், கெடைக்கல.

கள்ளிக்காடு:
எடுத்த படத்த ஸ்க்ரீன்ல வச்சுக்கிட்டு இன்ஃபோ பட்டன திரும்பத் திரும்ப அமுக்குங்க, மூணு வரைபடமா ஒண்ணு வரும். சில கேமராவுல ப்ளேபேக் மெனுல அத ஆன் பண்ணணும்.